வெயிலில் நின்றால் கை எரிகிறது என்கிறாள், தோலில் ஒன்றும் தெரியவில்லை

கேத்தி பாலாடா அம்மா | ஜனவரி 19, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டி பக்கம் கேத்தி பாலாடாவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் கேரட் தோட்டம். மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

மூன்று வயதிலிருந்தே வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் அழுவாள். முதலில் புறங்கை, அப்புறம் மூக்கு, கன்னம். "உள்ளே ஊசி குத்துது, எரியுது" என்பாள். பார்த்தால் கொப்புளம் இருக்காது, தடிப்பு இருக்காது. சில நாள் மட்டும் கை லேசாக வீங்கிச் சிவக்கும். இந்த மாதத்தில் காலையில் புல் மேல் உறைபனி கிடக்கும், ஊரே வெளியே வந்து வெயில் காயும். இவள் மட்டும் சுவரோரம் நிழலில் நிற்பாள்.

போன வாரம் பள்ளியில் குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகை. இரண்டு மணி நேரம் மைதானத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அன்று இரவு அவள் தூங்கவே இல்லை. பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குளிரில் நமக்கு விரல் மரத்துப் போகும். எடு என்றால் எடுக்க மாட்டேன் என்கிறாள். போர்வை பட்டால்கூடக் கத்துகிறாள்.

இதுவரை நான்கு இடத்தில் காட்டிவிட்டோம். அலர்ஜி என்று மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். ஓர் இடத்தில், பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்றார்கள். அதை நம்பி நானே இரண்டு முறை அடித்திருக்கிறேன். யாராவது இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா?

மஞ்சூர் பெரியவர் | ஜனவரி 19, இரவு 10.15

அம்மா, பயப்படாதீர்கள். இப்போதைய பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருந்து பழகிவிட்டார்கள். தினமும் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று வெயிலில் நிற்க வையுங்கள். உடம்பு பழகிவிடும். கற்றாழைச் சோறு எடுத்துத் தடவுங்கள், குளிர்ச்சி. நம் ஊர் வெயிலில் என்ன சூடு இருக்கிறது?

கோத்தகிரி இரட்டையர் அம்மா | ஜனவரி 20, காலை 6.50

என் பையனுக்கும் வெயில் ஒத்துக்கொள்ளாது. ஆனால் அவனுக்கு மறுநாள்தான் வரும், சின்னச் சின்னப் பொரியாக, அரிப்போடு. வெயில் அலர்ஜி என்றார்கள், கோடை முடிந்தால் போய்விடுகிறது. உங்கள் மகளுக்கு அரிப்பா, எரிச்சலா? நீங்கள் எழுதியதைப் படித்தால் வேறு மாதிரித் தெரிகிறது.

தோல் மருத்துவர், கோவை | ஜனவரி 20, பகல் 2.05

நான் கூடலூரில் பிறந்தவன், இப்போது கோவையில் இருக்கிறேன். பிள்ளையைப் பார்க்காமல் இங்கே நோயின் பெயரை முடிவு செய்ய முடியாது. சில கேள்விகள் கேட்கிறேன், பதில் எழுதுங்கள்.

வெயில் பட்டு எத்தனை நிமிடத்தில் எரிச்சல் தொடங்குகிறது? பஸ்ஸில் மூடிய கண்ணாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலும் வருகிறதா? ஒருநாள் வெயிலில் நின்றால், மறுநாள் அதைவிடக் குறைந்த நேரத்திலேயே வந்துவிடுகிறதா? சிறுநீர் எப்போதாவது சிவப்பாகப் போயிருக்கிறதா? முகத்தில் சின்ன வயதிலிருந்தே கரும்புள்ளிகள் நிறைய உண்டா? விரல் கணுக்களின் மேல் தோல் தடித்துச் சுருங்கினாற்போல் இருக்கிறதா?

மஞ்சூர் அய்யாவிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தயவுசெய்து இந்தப் பிள்ளையை வெயிலுக்குப் பழக்க வேண்டாம். என் சந்தேகம் சரியென்றால் அது நேர்மாறாகப் போகும்.

கேத்தி பாலாடா அம்மா | ஜனவரி 20, இரவு 8.30

டாக்டர், பதில் எழுதியதற்கு நன்றி. அவளையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நல்ல வெயில் என்றால் பத்து நிமிடத்தில் முதலில் கூசுமாம், அப்புறம் எரியுமாம். கண்ணாடி ஜன்னல் ஓரமும் வருகிறது. அதனால்தான் பஸ்ஸில் எப்போதும் நிழல் பக்கம் ஓடிப் போய் உட்காருவாளாம், இது எனக்கே இன்றுதான் தெரியும். மறுநாள் சீக்கிரம் வரும் என்பதும் சரி. "எப்படி அவங்களுக்குத் தெரியும்?" என்று உங்களைப் பற்றிக் கேட்கிறாள். சிறுநீர் சிவப்பாகப் போனதில்லை. கரும்புள்ளி இல்லை. கணுக்கள் மேல் தோல் தடித்திருக்கிறது, பாட்டி கை மாதிரி என்று வீட்டில் சொல்வோம். தோட்ட வேலை செய்யும் என் கைக்கும் அவள் கைக்கும் வித்தியாசம் தெரியாது.

சன்ஸ்கிரீன் 50 என்று போட்டது வாங்கித் தடவினோம். ஒரு பயனும் இல்லை.

தோல் மருத்துவர், கோவை | ஜனவரி 21, காலை 7.20

இந்தப் பதில்களை வைத்துப் பார்த்தால் ஒரு ரத்தப் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். நான் சந்தேகப்படும் நோய் எரித்ரோபொயடிக் புரோட்டோபோர்ஃபைரியா, சுருக்கமாக இ.பி.பி. 1961ல் லண்டனில் மேக்னஸ் என்ற மருத்துவரும் அவரோடு பணியாற்றியவர்களும் இதைத் தனி நோயாக முதலில் விவரித்தார்கள். ஐரோப்பாவில் 75,000 பேருக்கு ஒருவர் முதல் 2 லட்சம் பேருக்கு ஒருவர் வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரு தோல் மருத்துவர் தன் வாழ்நாளில் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமல் போகலாம். நீங்கள் காட்டிய இடங்களில் தவறிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நடிப்பு என்று சொன்னதற்கு அது சமாதானம் ஆகாது.

விஷயம் இதுதான். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் நம் எலும்பு மஜ்ஜையில் படிப்படியாகத் தயாராகிறது. கடைசிப் படியில் புரோட்டோபோர்ஃபிரின் என்ற பொருளுக்குள் ஓர் இரும்பு அணுவைப் பொருத்த வேண்டும். பொருத்துகிற நொதி ஃபெரோகெலட்டேஸ். அது குறைவாக இருந்தால் இரும்பு ஏறாத புரோட்டோபோர்ஃபிரின் சிவப்பணுக்களில் தேங்கிவிடும். தோலுக்குக் கீழே ஓடும் ரத்தத்தில் இருக்கும் அந்தப் பொருள் வெளிச்சத்தை உறிஞ்சி, நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் காயப்படுத்துகிறது. காயம் உள்ளே, அதனால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. பிள்ளை "உள்ளே குத்துது" என்று சொன்னாளே, அதைவிடச் சரியாக நானும் சொல்ல முடியாது.

சன்ஸ்கிரீன் ஏன் உதவவில்லை என்றால், இந்தப் பொருள் அதிகமாக உறிஞ்சுவது புற ஊதாக் கதிரை அல்ல. 400 முதல் 410 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீல வெளிச்சத்தை. அது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். கடையில் விற்கும் நிறமில்லாத சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது, ஜன்னல் கண்ணாடியும் தடுக்காது. வெயில் சூடாக இருக்கிறதா என்பதும் கணக்கில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிந்தது, வெளிச்சம் கூர்மை. வெயில் இதமாக இருப்பதால் பிள்ளையின் வலியை யாரும் நம்புவதில்லை. மேகம் மூடிய நாளிலும் வெளிச்சம் பளீரென்று இருந்தால் இவர்களுக்கு எரியும்.

வேறு நோய்களும் உண்டு. வெயில் பட்டுச் சில நிமிடத்தில் தடிப்பு எழும்பி, நிழலுக்கு வந்ததும் அடங்கினால் அது வெயிலால் வரும் காணாக்கடி. கோத்தகிரி அம்மா சொன்னது அரிப்போடு தாமதமாக வரும் வகை. இரண்டு வயதுக்குள்ளேயே முகமெல்லாம் புள்ளி விழுந்தால் சீரோடெர்மா பிக்மென்டோசம் பற்றி யோசிப்போம். அதில் புற ஊதாக் கதிரால் சின்ன வயதிலேயே தோல் புற்று வரும், வெயிலைத் தவிர்ப்பதில் கண்டிப்பும் வேறு மாதிரி. சிறுநீர் சிவந்து, கொப்புளம் வந்து, தழும்பு விழுந்தால் அது இ.பி.பி.யும் சேர்ந்த போர்ஃபைரியா என்ற நோய்க் குடும்பத்திலேயே இன்னும் அரிதான, கடுமையான வகை.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள், சிறுநீர் அல்ல. புரோட்டோபோர்ஃபிரின் தண்ணீரில் கரையாது, சிறுநீரில் வராது. சிறுநீர் மட்டும் பார்த்துவிட்டு "போர்ஃபைரியா இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. "சிவப்பணு புரோட்டோபோர்ஃபிரின், துத்தநாகம் சேர்ந்தது எவ்வளவு, சேராதது எவ்வளவு" என்று பிரித்துக் கேட்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவிலும் ஈய நஞ்சிலும் துத்தநாகம் சேர்ந்தது கூடும். இ.பி.பி.யில் உலோகம் சேராததுதான் பெரும்பங்கு. எடுத்த குழாயை உடனே அலுமினியத் தாளில் சுற்றச் சொல்லுங்கள், வெளிச்சம் பட்டால் அளவு குறைந்துவிடும். எல்லா ஆய்வகத்திலும் செய்ய மாட்டார்கள். மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவில் எழுதி வாங்கி, எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குன்னூர் வர்க்கிக்காரன் | ஜனவரி 21, மாலை 6.45

அக்கா, நான் பதிலே எழுதுகிறவன் அல்ல, படித்துவிட்டுப் போய்விடுவேன். இதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. எனக்கு 26 வயது. இ.பி.பி. என்று தெரிந்தபோது 19. அதுவரை எனக்கு ஊரில் "சோம்பேறி" என்றுதான் பெயர்.

பத்து வயதில் பாட்டியோடு பேரகணி ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு நடந்து போனேன். வெள்ளை வேட்டி கட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனேன். வழியெல்லாம் வெயில். அன்று இரவு சாணம் மெழுகிய தரையில் கையை வைத்துக்கொண்டு கிடந்தேன். தரை சூடாகிவிடும், இடம் மாற்றி மாற்றி வைப்பேன். பாட்டி மட்டும் ஒன்றும் கேட்காமல் ஈரத்துணியை நனைத்து நனைத்துப் போட்டார். எனக்கு வலிக்கிறது என்று நம்பியது அவர் ஒருவர்தான். நோயின் பெயர் தெரியும் முன்னாலேயே அவர் போய்விட்டார்.

இப்போது பேக்கரியில் வர்க்கி போடுகிறேன். இரவு வேலை, விறகு அடுப்பு. அடுப்பின் சிவந்த வெளிச்சம் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. விடியும் முன் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்: முதலில் வருகிற அந்தக் கூச்சம்தான் மணி. அது வந்தவுடன் உள்ளே போய்விட வேண்டும். "இன்னும் அஞ்சு நிமிஷம்தானே" என்று நின்றால் மூன்று நாள் போச்சு. எரிச்சல் வந்த பிறகு வலி மாத்திரை எதுவும் எனக்குக் கேட்டதில்லை. இருட்டான அறை, ஈரத்துணி, மின்விசிறி, அவ்வளவுதான். அந்த நாட்களில் வெந்நீரும் ஆகாது, தோசைக்கல் பக்கம்கூட நிற்க முடியாது.

மஞ்சூர் பெரியவர் | ஜனவரி 21, இரவு 9.10

தெரியாமல் சொல்லிவிட்டேன் அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். டாக்டர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ரத்தம் கொடுக்கக் கோவைக்கோ வேலூருக்கோ போக வேண்டியிருந்தால் காலை இருட்டோடு கிளம்பிவிடுங்கள். கல்லாறு தாண்டினால் வெயில் ஏறிவிடும். என் மருமகன் கார் ஓட்டுகிறான், கேட்டால் வருவான்.

ஆசிரியை, நீலகிரி | ஜனவரி 22, இரவு 7.30

எந்த ஊர், எந்தப் பள்ளி என்று சொல்ல விரும்பவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் காலை வழிபாட்டில் எப்போதும் கையைச் சட்டைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு நிற்பான். ஒழுங்காக நில் என்று முன்வரிசைக்கு, வெயில் விழும் இடத்துக்கு மாற்றினேன். பிறகு அவன் பள்ளி மாறிப் போய்விட்டான். அவனுக்கு இந்த நோய்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த இழையைப் படித்த இரண்டு நாளாக அவன் முகம்தான் கண்ணில் நிற்கிறது.

அம்மா, மருத்துவர் கடிதம் கிடைத்ததும் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் அடுத்த ஆண்டு வகுப்பாசிரியர் மாறும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஜன்னலிலிருந்து தள்ளி இருக்கை, வழிபாட்டில் நிழல், விளையாட்டுப் பாடவேளையில் உள்ளரங்கில் ஏதாவது, முழுக்கைச் சட்டைக்கும் கையுறைக்கும் அனுமதி என்று என்னென்ன வேண்டுமோ அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும்.

கேத்தி பாலாடா அம்மா | பிப்ரவரி 24, இரவு 9.05

முடிவு வந்துவிட்டது. இ.பி.பி.தான். மொத்த அளவு இயல்பைவிடப் பல மடங்கு. அதில் துத்தநாகம் சேராதது 90 சதவீதத்துக்கு மேல். கல்லீரல் பரிசோதனை சரியாக இருக்கிறது. ஸ்கேனில் பித்தப்பைக் கல் இல்லை. வைட்டமின் டி மிகவும் குறைவு, அதற்கு மருந்து தொடங்கியிருக்கிறார்கள். ரத்தம் எடுத்த பெண்ணிடம் அலுமினியத் தாள் சுற்றச் சொன்னபோது முதலில் விழித்தார், அப்புறம் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சுற்றினார். நீங்கள் சொல்லாவிட்டால் அதுவும் வீணாகியிருக்கும்.

பெயர் சொன்னதும் மகள் அழவில்லை. "அப்போ நான் பொய் சொல்லலைன்னு அதில் எழுதியிருக்கா?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

இப்போது மூன்று கேள்விகள். வீட்டில் மாமியார், இது எந்த வழியில் வந்தது, சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தானே என்கிறார். இரண்டாவது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் முதல் எல்லோரும் கேரட் நிறையக் கொடு என்கிறார்கள், ஏதோ ஆராய்ச்சி இருக்கிறதாம். கேரட்டுக்கு இங்கே பஞ்சமில்லை, கழுவும் மெஷினில் மூட்டை மூட்டையாகப் போகிறது. மூன்றாவது, மருந்தே இல்லையா?

தோல் மருத்துவர், கோவை | பிப்ரவரி 25, காலை 6.40

அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்: ஆமாம், எழுதியிருக்கிறது.

எந்த வழி என்றால், பெரும்பாலும் இரண்டு வழியும்தான். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வேலை செய்யாத மரபணு, மற்றவரிடமிருந்து கொஞ்சம் மந்தமான மரபணு. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேரும்போதுதான் நோய். பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பார்கள். சொந்தத்தில் மணம் செய்யாத குடும்பங்களிலும் இப்படித்தான் வருகிறது. இதில் மருமகள் மேல் போட ஒரு குற்றமும் இல்லை. தம்பி, தங்கை இருந்தால் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேரட் விஷயம் முழுப் பொய் அல்ல. 1970களிலிருந்து பீட்டா கரோட்டினை இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதன் அளவு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் வரை போகும். 100 கிராம் கேரட்டில் சுமார் 8 மில்லிகிராம்தான் இருக்கிறது. அந்த அளவை எட்ட ஒரு நாளைக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் பயன் உறுதியாகவில்லை. உள்ளங்கை மஞ்சளாகும், அது மட்டும் நிச்சயம். பிள்ளைக்குப் பிடித்த அளவு பொரியலாகக் கொடுங்கள், போதும்.

மருந்து இருக்கிறது, இவளுக்கு இப்போது இல்லை. அஃபாமெலனோடைட் என்று பெயர். அரிசி மணி அளவிலான குச்சியைத் தோலுக்கு அடியில் வைப்பார்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. தோலில் மெலனினைக் கூட்டி வெளிச்சத்தைத் தாங்க வைக்கிறது. ஐரோப்பாவில் 2014லும் அமெரிக்காவில் 2019லும் அனுமதி கிடைத்தது, பெரியவர்களுக்கு. விலை சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடியது அல்ல. வாயால் உட்கொள்ளும் மருந்துகளும் ஆய்வில் இருக்கின்றன. இவள் 18 வயதை எட்டும்போது நிலைமை இன்றுபோல் இருக்காது என்று நான் நம்புகிறேன்.

கல்லீரலை மட்டும் மறக்காதீர்கள். தேங்கும் பொருள் பித்தம் வழியாகத்தான் வெளியேறும். அதனால் பித்தக்கல் வரலாம். நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்குக் கல்லீரல் கடுமையாகக் கெடும். ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை, மஞ்சள் காமாலைத் தடுப்பூசிகள். ரத்தசோகை என்று யாராவது இரும்பு மாத்திரை எழுதினால், இந்த நோயைச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். சிலருக்கு உதவும், சிலருக்கு எரிச்சல் கூடும். எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னும் சொல்ல வேண்டும், அறுவை அரங்கின் விளக்கும் வெளிச்சம்தான்.

குன்னூர் வர்க்கிக்காரன் | பிப்ரவரி 25, மாலை 5.30

அக்கா, துணி பற்றி நான் அனுபவத்தில் கற்றது. வாங்கும் முன் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் வேண்டாம். வெள்ளைப் பருத்தியில் வெளிச்சம் புகுந்துவிடும். கைப்பின்னல் ஸ்வெட்டரும் அப்படித்தான், உள்ளே அடர்நிறத்தில் இன்னொன்று போட வேண்டும். நெருக்கமாக நெய்த அடர்நீலத் துணியில் கையுறை தைத்துக்கொள்கிறேன், விரல் நுனி மட்டும் திறந்திருக்கும், எழுதலாம். முகத்துக்கு நிறமுள்ள கிரீம், இரும்பு ஆக்சைடு கலந்தது, கொஞ்சம் தாங்கும்.

நம் மலையில் ஒரு நல்லது உண்டு. குல்லாவும் மப்ளரும் கையுறையும் போட்டுக்கொண்டு போனால் இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்லூரிக்குச் சமவெளியில் ஒரு வருடம் இருந்தேன், அங்கே தெருவே பார்த்தது. திரும்பி வந்துவிட்டேன்.

கேத்தி பாலாடா அம்மா | மார்ச் 11, இரவு 8.50

பள்ளியில் கடிதம் கொடுத்தாயிற்று. ஆசிரியை அவர்கள் சொன்னபடியே ஒவ்வொன்றாக எழுதினோம். இரண்டு நாள் கழித்து இருக்கையை மாற்றிவிட்டார்கள். வழிபாட்டுக்கு அவள் வராந்தாவில் நிற்கிறாள். அடித்தவள் நான், அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடும்மா" என்றாள். சரியாகிவிட்டதா என்று தெரியவில்லை, இன்னொரு நாள் மறுபடி கேட்பேன்.

அவள் அப்பா துணிக்கடை எல்லாம் அலைந்து அடர்நீலத்தில் துணி வாங்கி வந்தார். கையுறை நானே தைத்தேன், முதல் ஜோடி கட்டை விரலில் இறுக்கம், இரண்டாவது சரியாக வந்தது. சாயந்தரம் ஐந்தரைக்கு மேல் மலை நிழல் தோட்டத்தில் இறங்கிவிடும். அந்த நேரத்துக்குக் கேரட் பாத்தி ஒன்றை அவளுக்கென்று விட்டிருக்கிறோம், களை எடுக்கிறாள், தண்ணீர் பாய்ச்சுகிறாள்.

வர்க்கிக்காரத் தம்பி, அவள் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். நிலா வெளிச்சம் எரியுமா? பௌர்ணமிக்கு மொட்டை மாடியில் பாய் போட்டு உட்கார வேண்டுமாம்.

குன்னூர் வர்க்கிக்காரன் | மார்ச் 11, இரவு 9.20

எரியாது பாப்பா. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். மப்ளர் மட்டும் குளிருக்காகக் கட்டிக்கொள்.